வண்டிப்பாதை யாருடைய சொத்து?

(சென்னீர்குப்பத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் சிலருக்கு மிகவும் அற்பமானதாகத் தோன்றலாம். சாமியைப் பற்றியும், சாஸ்திரத்தைப் பற்றியும், ஜாதியைப் பற்றியும் காரசாரமாக ஏதாவது சொல்லுவேன் என்று வந்திருப்பவர்கள், "இந்த மனிதன் சந்துபொந்துகளைப் பற்றியல்லவா பேச வந்திருக்கிறான்!" என்று சலித்துக்கொள்ளவும் கூடும். ஆனால் கடைசிவரை கேட்டீர்களானால், இந்தச் சந்து விஷயத்திற்குள்ளாகவே சாமியும் இருக்கிறது, சாஸ்திரமும் இருக்கிறது, ஜாதியும் இருக்கிறது, பணக்காரன் ஆதிக்கமும் இருக்கிறது என்பது உங்களுக்கே விளங்கும்.

நான் சொல்லுவது, நம் சுற்றுப்புறங்களில் மாடி வீடுகளுக்கும் காம்பவுண்டுச் சுவர்களுக்கும் நடுவே இன்னமும் உயிரோடிருக்கிற பழைய வண்டிப்பாதைகளையும், ஒற்றையடிப் பாதைகளையும், வாய்க்கால் கரைச் சந்துகளையும் பற்றித்தான். பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குப் போகிற ரஸ்தாவும், பெங்களூருக்குப் போகிற பெரிய ரஸ்தாவும் யார் கண்ணுக்கும் தெரியும். அவைகளுக்குப் பெயர்ப்பலகை உண்டு, விளக்கு உண்டு, மராமத்துக்குப் பணம் உண்டு. ஆனால் அந்த ரஸ்தாக்களுக்கு முன்பிருந்தே ஒரு குடியிருப்பிலிருந்து இன்னொரு குடியிருப்புக்கும், ஏரிக்கும், களத்துக்கும், சுடுகாட்டுக்கும் போய்க்கொண்டிருந்த பாதைகளுக்குப் பெயரும் இல்லை, கேட்பாரும் இல்லை. கேட்பாரில்லாத சொத்து என்றால் அதை என்ன செய்வார்கள் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பழைய பாதையின் அடையாளம்

முதலில், எது பழைய பாதை என்று கண்டுகொள்ளுவது எப்படி? அது ஒன்றும் பெரிய வித்தையல்ல. மனை போட்டு விற்றவர்கள் அமைத்த தெரு நேராக இருக்கும். நூல் பிடித்தாற்போல் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும். முதல் குறுக்குத் தெரு, இரண்டாவது குறுக்குத் தெரு என்று எண்ணினால் எண்ணிக்கொண்டே போகலாம். நம்முடைய பழைய வண்டிப்பாதையோ வளைந்து வளைந்து போகும். ஓரிடத்தில் அகலமாக இருக்கும், இன்னோரிடத்தில் ஒடுங்கும். அதன் ஓரத்திலே இரண்டொரு பனைமரமோ, வேப்பமரமோ, வேலிகாத்தான் புதரோ மிச்சமிருக்கும். பக்கத்து மனைகள் எல்லாம் சதுரமாக இருக்க, பாதையை ஒட்டிய மனை மட்டும் கோணலாக இருக்கும். புதுத் தெருக்களும் புது வீடுகளும் வருஷா வருஷம் மேடேறிக்கொண்டே போவதனால் பழைய பாதை மாத்திரம் பள்ளத்தில் கிடக்கும்.

இது ஏன் வளைந்து போயிற்று? சிலர் நினைப்பதுபோல் அந்தக் காலத்து மனிதனுக்கு நேராகக் கோடு போடத் தெரியாததால் அல்ல. அவன் பயிர் நிலத்தைப் பாழாக்காமல் வரப்போரமாகப் போனான். வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்பிற்றோ அந்தப் பக்கம் திரும்பினான். ஏரிக்கரை வளைந்தால் அதனுடன் தானும் வளைந்தான். மேட்டைப் பார்த்து ஏறி, சேற்றைப் பார்த்து விலகினான். ஆகவே அந்த வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. இன்று மழை பெய்தால் தண்ணீர் எந்தச் சந்து வழியாக ஓடுகிறது என்று பாருங்கள். பல இடங்களில் அது பழைய வாய்க்காலின் ஓரமாகப் போன பாதையாகத்தான் இருக்கும். 2015-ம் வருஷத்திய வெள்ளத்தில் சென்னையின் புறநகர்கள் தத்தளித்தபோது, தண்ணீர் போகிற வழியை அடைத்துவிட்டு அதன்மேல் வீடு கட்டினால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் பார்த்தோம். பாதையை அடைத்தவன் பல இடங்களில் அத்துடன் வாய்க்காலையும் அடைத்திருக்கிறான்.

ஊர்ப்பெயர்களும் இதைச் சொல்லுகின்றன. குமணன்சாவடி, கரையான்சாவடி, வேலப்பன்சாவடி என்று நம்மைச் சுற்றிலும் எத்தனை சாவடிகள்! சாவடி என்றால் வழிப்போக்கன் தங்கி இளைப்பாறுகிற இடம். வழி இருந்ததனாலேதான் வழிப்போக்கன் வந்தான். வழிப்போக்கன் வந்ததனாலேதான் சாவடி வந்தது. சாவடியைச் சுற்றித்தான் பிறகு ஊர் வந்தது. அதாவது ஊருக்கு முந்தியது பாதை. இன்று ஊர் பெருத்துப் போய், தன்னைப் பெற்ற பாதையையே விழுங்கப் பார்க்கிறது.

கிராமமா, பட்டணமா?

நிற்க, இந்தப் பாதைகளுக்கு ஆபத்து வந்திருப்பதற்கு ஒரு முக்கியமான காரணம், நம் ஊர்களின் இரண்டுங்கெட்டான் நிலைமையாகும். மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்காரர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஓர் ஊரில் குறைந்தது 5,000 பேர் இருந்து, அங்குள்ள முக்கிய ஆண் தொழிலாளர்களில் 100-க்கு 75 பேராவது விவசாயமல்லாத வேலை செய்து, ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் வசித்தால், அதை அவர்கள் நகரம் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுவார்கள். ஆனால் அப்படி எழுதிக்கொண்டதனால் மட்டும் அந்த ஊருக்கு நகராட்சி வந்துவிடாது. ஆட்சி நடத்துவது கிராம ஊராட்சியாகவே இருக்கும். சென்னையைச் சுற்றியுள்ள எத்தனையோ ஊர்கள் இப்படி வெகுகாலம் கணக்கில் பட்டணமாகவும், நிர்வாகத்தில் கிராமமாகவும் இருந்து வந்திருக்கின்றன.

இதன் விளைவு என்ன? நிலத்தின் விலை பட்டணத்து விலையாக ஏறிவிடுகிறது. நிலத்தின் கணக்கோ கிராமத்துக் கணக்காக, எங்கேயோ ஒரு அலமாரியில் தூங்குகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூவிருந்தவல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டருக்கு மெட்ரோ ரயில் பாதை என்று திட்டம் வந்தவுடனே இந்தப் பக்கத்து மண்ணுக்கு எவ்வளவு கிராக்கி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். சதுர அடிக்கு ஆயிரக்கணக்கில் விலை போகிற இடத்தில், நாலு முழ அகலமும் நானூறு முழ நீளமும் உள்ள ஒரு பாதை சும்மா கிடந்தால், பக்கத்து நிலக்காரனுக்கு வாயூறாமல் இருக்குமா? இந்த வருஷம் வேலியை ஒரு சாண் தள்ளி வைப்பான். அடுத்த வருஷம் அந்த வேலி சுவராகும். அதற்கடுத்த வருஷம் பாதைக்கு ஒரு கதவு வரும். பிறகு கதவுக்கு ஒரு பூட்டு வரும். பிறகு, "இங்கே பாதையா? எப்போது இருந்தது?" என்று நம்மையே கேட்பான்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

தோழர்களே! பாதை யாருடைய சொத்து என்பதில் சந்தேகத்திற்கே இடமில்லை. 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாணத்திற்குச் செய்யப்பட்டு, இன்றும் தமிழ்நாட்டில் அமுலில் இருக்கும் சட்டம் அது. பொது ரஸ்தாக்கள், தெருக்கள், சந்துகள், பாதைகள், அவற்றை ஒட்டிய பாலங்கள், பள்ளங்கள், வேலிகள், இன்னும் ஆறு, ஓடை, ஏரி முதலியவையெல்லாம், வேறு யாருக்காவது சட்டப்படி பாத்தியம் இருந்தாலொழிய, சர்க்கார் சொத்து என்று அதில் எழுதியிருக்கிறது. சந்து என்றும் பாதை என்றும் தனித்தனியாகவே சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். சர்க்கார் சொத்து என்றால் இன்று அது குடிமக்களாகிய நம் எல்லோருடைய சொத்து.

ஆனால் எல்லாப் பாதைகளும் ஒரே மாதிரியல்ல. ஒரு வகை, சர்வேயில் தனி நம்பர் கொடுக்கப்பட்டு, கிராமக் கணக்கில் பாதைப் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று எழுதப்பட்டவை. இவற்றை யாரும் விற்க முடியாது, வாங்கவும் முடியாது. பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொண்டாலும் அது செல்லாது. ஏனென்றால் தனக்கில்லாத பாத்தியத்தை ஒருவன் இன்னொருவனுக்கு விற்க முடியாது.

இன்னொரு வகை, பட்டா நிலத்தின் நடுவே அனுபவத்தினால் உண்டான பாதை. இதற்குத் தனி நம்பர் இருக்காது. இதற்கு 1882-ம் வருஷத்து அனுபோக உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒருவன் 20 வருஷம் யாருடைய தயவையும் கேட்காமல், தன் உரிமையென்று, பகிரங்கமாகவும், சமாதானமாகவும், இடைவிடாமலும் ஒரு வழியில் நடந்து வந்தால் அவனுக்கு அந்த வழியில் பாத்தியம் உண்டு. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. வழியை அடைத்த பிறகு, "பார்த்துக்கொள்ளலாம், பெரியவர் வீட்டு விஷயம், பகைத்துக்கொள்ள வேண்டாம்" என்று காலம் கடத்தக்கூடாது. தடை ஏற்பட்ட 2 வருஷத்துக்குள் கோர்ட்டுக்குப் போகவேண்டும். போகாவிட்டால் அந்த 20 வருஷத்து நடையும் வீண். நம் ஜனங்கள் எத்தனை பாதைகளை இந்தப் "பார்த்துக்கொள்ளலாம்" என்பதிலேயே தொலைத்திருக்கிறார்கள்!

'நடக்காதே' என்ற காலம்

பாதை என்றால் நம்முடைய மக்களுக்கு அது வெறும் மண்ணல்ல. இந்த நாட்டில் மாடு நடக்கலாம், நாய் நடக்கலாம், மனிதனில் ஒரு சாரார் மட்டும் நடக்கக்கூடாது என்று சொன்ன தெருக்கள் இருந்தன. கோயில் தேர் போகும் தெருவில் தீண்டாதவர் வரக்கூடாது என்றார்கள். அக்கிரகாரத்தில் செருப்புப் போட்டுக்கொண்டு போகக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்றார்கள். எந்த வேதத்தில் இருக்கிறது, எந்த நியாயத்தில் இருக்கிறது என்று கேட்டால், "வழக்கம்" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்தார்கள்.

இதை எதிர்த்து 1924-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, திருவாங்கூரில் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள ரஸ்தாக்களில் எல்லோரும் நடப்பதற்காக மார்ச்சு மாதம் 30-ந் தேதி தொடங்கிய சத்தியாக்கிரகம். தமிழ்நாட்டிலிருந்து ஈ.வெ.ராமசாமி அங்கே போய்ச் சிறைப்பட்டார். 1925-ன் கடைசியில் அது முடிந்தபோது, மூன்று பக்கத்து ரஸ்தாக்கள் திறந்துவிடப்பட்டன; கிழக்குப் பக்கத்து ரஸ்தாவோ 1936-ல் கோயில் நுழைவுப் பிரகடனம் வரும் வரையில் மூடியே கிடந்தது. யோசித்துப் பாருங்கள். கோயிலுக்குள் போவதற்கல்ல, அதன் பக்கத்திலுள்ள மண்ணில் காலை வைப்பதற்கு இவ்வளவு பாடு!

மற்றொன்று, நம் சென்னைச் சட்டசபையில் நடந்தது. அதே 1924-ல், ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அதில் இருந்த இரட்டைமலை சீனிவாசன், ஆர்.வீரையன் ஆகியோருடைய முயற்சியால், எந்தப் பட்டணத்திலும் கிராமத்திலும் உள்ள பொது ரஸ்தாவிலும், தெருவிலும், பாதையிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம் என்று தீர்மானம் ஆகி, சர்க்கார் உத்தரவும் வந்தது. 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது விதியும், கிணறு, குளம், ரஸ்தா முதலிய பொது இடங்களை உபயோகிப்பதில் மதத்தையோ ஜாதியையோ காரணமாகச் சொல்லி யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது.

சென்னைச் சென்டிரல் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து நம் பூவிருந்தவல்லியை நோக்கி வருகிற பெரிய ரஸ்தாவுக்கு 1979-ல் பெரியார் ஈ.வெ.ரா. பெயர் வைக்கப்பட்டது. பொருத்தமான காரியந்தான். ஆனால் பெரிய ரஸ்தாவுக்கு அவர் பெயரை வைத்துவிட்டு, அதிலிருந்து பிரிகிற சிறிய பாதைகளையெல்லாம் பூட்டுப் போட விட்டுவிட்டால், அந்தப் பெயருக்கு நாம் செய்த மரியாதை என்ன?

'பாதையே இல்லை' என்ற காலம்

முன்பு, "பாதை இருக்கிறது, ஆனால் நீ நடக்காதே" என்றார்கள். அப்படிச் சொல்லச் சட்டம் இப்போது இடம் கொடுப்பதில்லை. ஆகவே இப்போது, "யார் வேண்டுமானாலும் நடக்கலாம், ஆனால் பாதை இல்லை" என்கிறார்கள். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான்.

மதுரை ஜில்லா உத்தபுரத்தில் 1989-ல் கலவரத்தைக் காரணம் காட்டி, ஒடுக்கப்பட்ட மக்கள் குடியிருப்புக்கும் மற்றவர்கள் குடியிருப்புக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பினார்கள். 2008-ம் வருஷம் மே மாதத்தில்தான், பெரிய கிளர்ச்சிக்குப் பிறகு, போலீஸ் காவலோடு அதன் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட்டார்கள். ஒரு பாதை திறக்க ஏறக்குறைய 19 வருஷம்!

வாணியம்பாடிப் பக்கத்தில் 2019 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். செத்துப்போன ஒரு மனிதருடைய உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். ஏன்? சுடுகாட்டுக்குப் போகிற வழி பட்டா நிலத்துக்குள் இருந்தது, நிலக்காரர் விடவில்லை. செத்தவர் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். அந்தக் காட்சி வெளியே வந்த பிறகுதான் தேசமெல்லாம் ஐயோ என்றது. இந்த ஐயோவெல்லாம் பாதை அடைபட்ட அன்றைக்கே அல்லவா வந்திருக்க வேண்டும்?

இதற்குக் காரணம் நம்முடைய ஊர் அமைப்பிலேயே இருக்கிறது. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று வைத்து, நடுவே வயலை வைத்தான். சேரியிலிருந்து ஊருக்கும், கிணற்றுக்கும், சுடுகாட்டுக்கும் வயல் வரப்பின் மேல் ஒரு வழி இருந்தது. வயல் பயிரான காலத்தில் அந்த வழிக்குச் சண்டை வரவில்லை. வயல் மனையானவுடனே வரப்பு போயிற்று. வரப்போடு வழியும் போயிற்று. ஆகவே பழைய பாதை அழிந்தால் ரஸ்தாவில் வீடும் வாசலில் காரும் உள்ளவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவன் சுற்றிக்கொண்டு போவான். நஷ்டமெல்லாம் நடந்து போகிறவனுக்கு. அதிலும் உள்ளே தள்ளிக் குடி வைக்கப்பட்டவனுக்கு. தன் பெயரில் ஒரு சென்டு நிலங்கூட இல்லாதவனுக்கும் பங்கு உள்ள சொத்து ஒன்று உண்டென்றால் அது பொதுப் பாதைதான். அதைப் பிடுங்குகிறவன், இல்லாதவனிடம் கடைசியாக இருப்பதைப் பிடுங்குகிறான்.

தெருக்குத்தும் பிள்ளையாரும்

இனி, சாமியும் சாஸ்திரமும் இதில் எங்கே வருகின்றன என்பதைச் சொல்லுகிறேன்.

நம்மவர்களுக்குத் தெருக்குத்து என்று ஒரு பயம் இருக்கிறது. ஒரு தெரு நேராக வந்து ஒரு மனையில் முட்டினால் அந்த வீடு விளங்காதாம், வீட்டுக்காரனுக்குக் கேடாம். வாஸ்து என்ற பேரால் இதைச் சொல்லிப் பிழைக்க ஒரு கூட்டமே இருக்கிறது. பரிகாரம் என்னவென்றால், தெரு வந்து முட்டுகிற இடத்தில் ஒரு பிள்ளையாரை வைப்பதாம். பழைய பாதை வளைந்து வளைந்து போவதென்று முன்னமே சொன்னேன். வளைகிற பாதை எந்த மனையிலாவது முட்டத்தானே செய்யும்? ஆகவே மனை வாங்கியவன் முதலில் பாதையின் ஓரத்தில் ஒரு கல்லை வைக்கிறான். பிறகு கல்லுக்கு ஒரு மேடை. மேடைக்கு ஒரு கூரை. கூரைக்கு ஒரு கிரில் கதவு. பிறகு உண்டியல். பாதை பாதியாகிவிட்டது, கேட்டால் சாமி குற்றம்!

தெருவாவது குத்தவாவது! தெரு முனையிலுள்ள வீட்டில், இரவில் வருகிற வண்டியின் விளக்கு கண்ணில் அடிக்கும், புழுதி வந்து விழும் என்றால் அது அறிவுக்கு ஒத்த பேச்சு. அதற்கு ஒரு செடி வளர்த்தால் போதும். வீட்டுக்காரனுக்கு வியாதி வருவதற்கும் தெரு நேராக வருவதற்கும் என்ன சம்பந்தம்? பாதையில் சாக்கடை தேங்கிக் கொசு வந்தால் வியாதி வரும். அதைப் பிள்ளையார் தடுத்ததாகத் தெரியவில்லை. அவருக்கு முன்னாலேயே சாக்கடை தேங்குவதை நாம் பார்க்கிறோம்.

சில இடங்களில் பயம்கூட இல்லை, வெறும் தந்திரந்தான். சுவர் கட்டினால் தாசில்தார் இடிப்பார். சாமி வைத்தால் இடிக்கத் தயங்குவார் என்பது ஆக்கிரமிப்பவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் 2009-ம் வருஷம் செப்டம்பர் 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பொதுத் தெருக்களிலும் பொது இடங்களிலும் கோயில், மசூதி, மாதாகோயில், குருத்துவாரா எதுவும் புதிதாகக் கட்ட விடக்கூடாதென்று உத்தரவு போட்டிருக்கிறது. நான் ஒரு மதத்துக்காரரை மட்டும் சொல்லவில்லை. எந்தச் சாமியானாலும் பாதையின் நடுவில் உட்கார்ந்தால் அது ஆக்கிரமிப்புத்தான். பக்தியுள்ளவர்களையும் கேட்கிறேன்: ஊரார் வழியைத் திருடுவதற்கு உங்கள் சாமியை ஒருவன் முட்டுக்கட்டையாக உபயோகிப்பது உங்களுக்கு மரியாதையாக இருக்கிறதா?

பழமைக்காக அல்ல

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபணை வரலாம். "பழமையெல்லாம் ஒழியவேண்டும் என்று சொல்லுகிற நீங்கள் பழைய பாதையை மட்டும் காப்பாற்றச் சொல்லுவது என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழையது என்பதற்காக எதையும் வைத்துக்கொள்ளும்படி நான் சொல்லவில்லை. மாட்டு வண்டிக் காலம் திரும்பி வரவேண்டும் என்றோ, மண் பாதையில்தான் அழகு இருக்கிறது என்றோ நான் பாட வரவில்லை. அந்த அழகான காலத்தில் அந்தப் பாதையிலே தலை குனிந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எதிரே மேல்ஜாதிக்காரன் வந்தால் ஒதுங்கி நின்றவர்களுடைய பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். அவர்களிடம் போய்ப் பழைய அழகைப் பேசினால் சிரிப்பார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். இன்றைக்கு உபயோகமா, இல்லையா? பெரிய ரஸ்தாவை ஆறு வழி, எட்டு வழி என்று அகலப்படுத்துகிறார்கள். அகலப்படுத்த அப்படுத்த நடந்து போகிறவனால் அதைக் குறுக்கே கடக்க முடிவதில்லை. எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போகச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே போகவேண்டியிருக்கிறது. அதே பிள்ளைக்கு உள்ளே ஒரு சந்து இருந்தால் பயமில்லாமல் பத்து நிமிஷத்தில் போய்விடும். வயதானவர்களுக்கு ஆட்டோக் காசு மிச்சம். பஸ் நிற்கிற இடத்துக்கும் ரயில் நிற்கிற இடத்துக்கும் வீட்டிலிருந்து நடந்து போவதற்குக் குறுக்கு வழி வேண்டாமா? கோடிக்கணக்கில் ரயில் பாதை போட்டுவிட்டு, அதற்கு நடந்து போகிற பாதையை அடைத்தால் அது எந்தப் புத்திசாலித்தனம்?

"அந்தச் சந்தில் இருட்டு, குடிகாரன் தொல்லை, குப்பை, பாம்பு, அடைத்துவிடுவதே நல்லது" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. தாய்மார்கள் பயப்படுவது நியாயம். அதை அற்பமாக நினைக்கக்கூடாது. ஆனால் இருட்டுக்கு மருந்து விளக்கு. குப்பைக்கு மருந்து துடைப்பம். பாதை இருட்டாயிருக்கிறதென்று பாதையையே மூடுவது, கண்வலிக்குக் கண்ணைப் பிடுங்குவது போலத்தான். ஜனங்கள் நடக்க நடக்கப் பாதை பத்திரமாகும். நடப்பதை விட்டால்தான் அது பாழாகும்.

சீமையில் என்ன செய்தார்கள்?

பட்டணத்தைப் பெருக்கியதில் நமக்கு முந்தியவர்கள் இங்கிலீஷ்காரர்கள். அவர்கள் நாட்டிலும் ஜமீன்தார்கள் பழைய நடைபாதைகளை வேலி போட்டு அடைத்தார்கள். 1932-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் கூடி, வேட்டைக்கென்று பிரபுக்கள் அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் துணிந்து நடந்தார்கள். அதற்காக ஐந்து பேர் சிறை சென்றார்கள். 17 வருஷம் கழித்து, 1949-ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு ஜில்லா சபையும் தன் எல்லைக்குள் இருக்கிற ஒவ்வொரு நடைபாதையையும் கண்டெடுத்துப் படத்தில் குறிக்கவேண்டும். அந்தப் படத்தில் ஏறிய பாதை பொதுப் பாதை என்பதற்கு அந்தப் படமே சாட்சி. இன்றும் அங்கே ஊர்களுக்கு நடுவிலும், வீடுகளுக்கு நடுவிலும், வயலுக்கு நடுவிலும், "பொது நடைபாதை" என்று பலகை நட்டு வைத்திருக்கிறார்கள்.

நம்மிடம் படம் இல்லையா? இருக்கிறது. கிராமப் படம் இருக்கிறது. ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் புலப்படம் இருக்கிறது. எந்த நம்பர் பட்டா, எந்த நம்பர் புறம்போக்கு, என்ன புறம்போக்கு என்று காட்டுகிற 'அ' பதிவேடு இருக்கிறது. வெள்ளைக்காரன் வரி வாங்குவதற்காகச் செய்தான் என்றாலும், சங்கிலி போட்டு அங்குலம் அங்குலமாக அளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நம்மிடம் இல்லாதது படமல்ல. அதை விரித்துப் பார்க்கிற வழக்கந்தான். ஜாதகத்தை மாத்திரம் ஆயிரம் தடவை விரித்துப் பார்ப்போம்.

செய்யவேண்டிய காரியம்

ஆகையால் வெறும் பேச்சோடு நில்லாமல், இவ்வூர் இளைஞர்கள் சில காரியங்களைச் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.

முதலாவது, கிராமப் படத்தையும், 'அ' பதிவேட்டின் நகலையும், வேண்டிய புலப்படங்களையும் வாங்குங்கள். தாலூகா ஆபீசில் கிடைக்கும். புலப்படமும் 'அ' பதிவேட்டு விவரமும் சர்க்காரின் இணையப் பக்கத்திலேயே பார்க்கலாம். கொடுக்கத் தயங்கினால், 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் சொல்லவேண்டியது அவர்கள் கடமை.

இரண்டாவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகச் சேர்ந்து, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாதையாக நடந்து பாருங்கள். எது இருக்கிறது, எது குறைந்திருக்கிறது, எது மறைந்துவிட்டது என்று எழுதுங்கள். வயதானவர்களைக் கேளுங்கள். எந்தப் பாதை எங்கே போயிற்று என்பது அவர்கள் காலுக்குத் தெரியும். அவர்கள் போனபின் கேட்டால் சொல்ல ஆளிருக்காது. 20 வருஷ அனுபவத்துக்கு அவர்களே சாட்சி.

மூன்றாவது, ஊராட்சியானால் கிராம சபையில் எழுந்து பேசுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடவேண்டும் என்பது விதி. இன்னின்ன சர்வே நம்பர் பொதுப் பாதை, இதன் நீள அகலம் இவ்வளவு, இதை அளந்து கல் நட வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். நகராட்சி எல்லையானால் வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றில் போகும்.

நான்காவது, பெயரில்லாத பாதைகளுக்குப் பெயர் வைக்கும்படி கேளுங்கள். ஜாதிப் பெயரும் வேண்டாம், சாமி பெயரும் வேண்டாம். ஏரிக்கரைப் பாதை, வண்டிப்பாதை, களத்துச் சந்து என்று அதன் காரியத்தையே பெயராக வையுங்கள். பெயரும் பலகையும் விளக்கும் வந்த பாதையைத் திருடுவது கஷ்டம்.

ஐந்தாவது, ஆக்கிரமிப்பைக் கண்டால் முதல் நாளே சொல்லுங்கள். "ரொம்ப நாளாக அவர் அனுபவித்துவிட்டார், நிறையப் பணம் போட்டுக் கட்டிவிட்டார்" என்பது பொதுச் சொத்து விஷயத்தில் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011 ஜனவரியில், பஞ்சாபிலிருந்து வந்த ஜக்பால் சிங் வழக்கில், தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒன்று: பாதை ஓரத்தில் போக்கிடமில்லாமல் குடிசை போட்டிருக்கிற ஏழையின் மேல் முதலில் பாயாதீர்கள். அவனுக்கு மாற்று இடம் வாங்கிக் கொடுக்கப் பாடுபடுங்கள். முதலில் கேட்கவேண்டியது, சொந்தமாக மனையிருந்தும் பாதையையும் சேர்த்துச் சுவர் கட்டியவனை.

தோழர்களே! நான் சொன்னதாலேயே எதையும் நம்பிவிட வேண்டாம். நாளைக்கே போய்ப் படத்தைப் பாருங்கள், பாதையையும் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் சந்தோஷம். ஒத்திராவிட்டால், யார் தின்றது என்று கேளுங்கள். நம் முன்னோர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தெருவில் நடக்கலாம் என்று கேட்கவே வாயில்லாமல் இருந்தது. நமக்கு வாய் வந்திருக்கிறது, சட்டம் வந்திருக்கிறது, படமும் கையில் இருக்கிறது. இவ்வளவும் இருந்து, நம் பிள்ளைகளுக்கு நடக்க ஒரு சந்தைக்கூட மிச்சம் வைக்காமல் போனோமானால் குற்றம் நம்முடையதே.